அரை வரி

மயில்சாமி அண்ணனுக்குக் கண்புரை ஆபரேசன்.
எண்ணெய் மில்லில் கணக்கெழுதுகிறவள் என்று
வரி நோட்டை என்னிடம் தந்தார்கள்.
பூச்சாட்டுக்கு எட்டு நாள் இருந்தது.

ஒரு நோட்டு இல்லை அது,
கோணி ஊசியால் சேர்த்துத் தைத்த நாலு நோட்டு.
முதல் தாள்களைக் கரையான் தின்றதுபோக
அம்மன் ஊருக்கு வந்த கதை
பாதியில் தொடங்குகிறது:
"…வண்டி அச்சு முறிந்த இடத்தில் இறக்கிவைத்ததில்
மறுபடி தூக்க முடியாமல்
அங்கேயே பந்தல் போட்ட வகையில்
ஓலை மூணு கட்டு, அணா ஆறு."

எங்கே போன வண்டி, யார் ஓட்டினது,
கரையானைத்தான் கேட்க வேணும்.

அப்புறம் வருசா வருசம் அதே வரிசை.
பாலைமரத்தில் முக்கவர் பார்த்து வெட்டக் கூலி.
மஞ்சள். வேப்பிலை. பூவோட்டுக்குச் சட்டி.
அந்தக் கட்டைதான் அவளுக்கு மாப்பிள்ளை.
பதினைந்து நாள் குடித்தனம்.
ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆண்கள் ஆட,
விடியுமுன் பெண்கள் ஈரச்சேலையோடு
குடம் குடமாக ஊற்ற,
பதினாறாம் நாள் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள்.
கடைசி வரி எப்போதும் ஒன்று:
"வெள்ளைச் சேலை, அம்மனுக்கு."

மழை பொய்த்த ஒரு வருசம்
"கிணத்துக்குத் தண்ணி லாரி ரெண்டு, எழுநூறு."
மாப்பிள்ளை முங்கிப் போகத்
தண்ணீரை விலைக்கு வாங்கியிருக்கிறோம்.
ஊதா மையில் கூச்சமே இல்லை.

தெக்குவளவு வரவுப் பக்கத்தில் கிடையாது.
செலவுப் பக்கத்தில் மட்டும்:
"தப்பட்டை, ஆள் நாலு, வேட்டி நாலு."
பேரில்லாத நாலு.
பிறகு ரெண்டு வருசம் வெறும் தாள்.
மூணாவது வருசம்
"தாசில்தாரிடம் சாவி வாங்கப் போன பஸ் சார்ஜ்."
அதற்கடுத்து வரவில் ஒரு பேர்:
"பழனான், வரி ஒன்று."
தாள் கிழியும்படி அழுத்தியிருக்கிறது பேனா.
கோபமா என்னவோ,
கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பின்னட்டையில் இருக்கிறது சட்டம்:
ஆணில்லாத வீட்டுக்கு அரை வரி.
சலுகைதான்.
அரை வரிக்காரி கம்பத்துக்குக் குடம் எடுக்கக் கூடாதென்று
எங்கும் எழுதவில்லை. அதையெல்லாம் யார் எழுதுவார்கள்?
போர் லாரியோடு ஒசூர்ப் பக்கம் கவிழ்ந்த வருசத்திலிருந்து
என் வீட்டுக்கு நேரே
"லேட் நாச்சிமுத்து, ½."
ஆறு வருசமாக ½.

இந்த வருசம் அந்த இடத்தில்
"குப்பாயி மகள் வஞ்சிக்கொடி, ஒன்று" என்று எழுதி
ஆயிரத்து ஐநூறு வைத்து
எனக்கு நானே ரசீது கிழித்தேன்.

"ஏனம்மிணி, இது எதுக்கு?" என்றார் தலைவர்.
"கணக்குப் பிசகுங்க.
அம்மனே வருசத்துக்கு முந்நூத்தம்பது நாள்
அரை வரிதானுங்களே."

யாரும் சிரிக்கவில்லை.
டீ வந்தது, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.
பேச்சு மைக்செட் வாடகைக்குத் திரும்பியது.

மூணாம் நாள் விடியுமுன் குடத்தோடு போனேன்.
மஞ்சள் ஊறிய பட்டை
வழவழவென்று குளிர்ந்திருந்தது.
ஊற்றிவிட்டு நின்றேன், சித்த அதிகமாகவே போல.
பின்னாலிருந்து ஒரு பெண்,
பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க,
"தள்ளுங்கக்கா, எனக்கு வேன் வந்துரும்" என்றாள்.
தள்ளிக்கொண்டேன்.
இத்தனை வருசத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்
அவ்வளவு நல்ல வார்த்தை இல்லை.

நாளைக்குக் கம்பம் பிடுங்குகிறார்கள்.
சேலை எடுக்க என்னையே அனுப்பினார்கள்,
காங்கயத்துக்கு.
கடைக்காரர் யாருக்கென்று கேட்கவில்லை,
என் நெற்றியைப் பார்த்துவிட்டு
வெள்ளையாக எடுத்துப் போட்டார்.
அடியில் ஒன்று,
விரற்கடை அகலம் பச்சைக் கரையோடு.

வெள்ளைச் சேலை, அம்மனுக்கு, அறுநூற்று நாற்பது.
எழுதிவிட்டேன்.
கரையைத் தனியாக எழுதவில்லை.